பேரத்தின் கணிதம்: காத்திருப்பவனுக்கு எவ்வளவு?

இருவர் சேர்ந்தால் நூறு ரூபாய் ஆதாயம் கிடைக்கும். சேராவிட்டால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. அந்த நூறு ரூபாயை அவர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வார்கள்? சந்தையில் நாள்தோறும் ஆயிரம் முறை விடை காணப்படும் இக்கேள்விக்குப் பொருளாதார நூல்கள் நெடுங்காலம் விடை கூறாமலே இருந்தன என்பது வியப்புக்குரியது. 1881-ஆம் ஆண்டில் எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர் இதை ஆராய்ந்து, இருவருக்கும் நட்டமில்லாத எல்லைகளுக்குள் எந்தப் பங்கீடும் நிகழலாம், அதற்குமேல் கணிதத்தால் ஒன்றும் சொல்ல இயலாது என்று கைவிரித்துவிட்டார். மற்றது பேசுபவரின் சாமர்த்தியம் என்று விட்டுவிட்டனர்.

அந்தச் சாமர்த்தியத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்ததுதான் ஆட்டக் கோட்பாடு. 1950-இல் ஜான் நாஷும், 1982-இல் ஏரியல் ரூபின்ஸ்டீனும் எழுதிய இரு கட்டுரைகள் இத்துறையின் தூண்கள். இன்று வணிகக் கல்விக்கூடங்களிலும் தொழிலாளர் உறவு பற்றிய பாடநூல்களிலும் அவை இடம்பெற்றுள்ளன. அவற்றைப் புகழ்வோர், 'பேரத்தில் எது நியாயமான பங்கு என்று கணிதம் கண்டுபிடித்துவிட்டது' என்கின்றனர். இகழ்வோர், 'மனிதரைப் பணம் எண்ணும் பொறியாக்கிவிட்டது' என்கின்றனர். இரு சாராரும் அக்கட்டுரைகள் உண்மையில் சொல்வதை ஊன்றிப் பார்க்கவில்லை என்பதே நம் கருத்து. அவை பேசுவது நியாயத்தைப் பற்றி அன்று; காத்திருக்கும் வலிமையைப் பற்றி. அதுவே அவற்றின் சிறப்பு. அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் விட்டதே அவற்றின் குறை.

சமநிலை என்றால் என்ன?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆட்டக் கோட்பாட்டில் 'ஒத்துழையா ஆட்டம்' என்ற ஒரு வகை உண்டு. பெயரைக் கண்டு சண்டை என்று எண்ணிவிடக் கூடாது. ஆடுவோர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டை நிறைவேற்றிவைக்க வெளியே நீதிமன்றமோ நடுவரோ இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் முடிவைத் தாமே எடுக்கிறார்கள் என்பதே அதன் பொருள். இத்தகைய ஆட்டத்தில், மற்றவர் நடந்துகொள்ளும் முறையை மாறாததாக வைத்துப் பார்க்கும்போது, யாரும் தம் உத்தியை மாற்றி இலாபம் அடைய முடியாத நிலைக்கு 'நாஷ் சமநிலை' என்று பெயர்.

இந்த எளிய கருத்தைக்கூடப் பிழையாகச் சொல்லி உலகம் முழுதும் பரப்பிய பெருமை ஒரு திரைப்படத்துக்கு உண்டு. நாஷின் வாழ்க்கையைத் தழுவி 2001-இல் ரான் ஹோவர்ட் எடுத்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தில் ஒரு மதுக்கூடக் காட்சி வருகிறது. பொன்னிறக் கூந்தல் கொண்ட ஒரு பெண்ணும் அவளுடைய தோழியரும் வருகிறார்கள். நண்பர்கள் அனைவரும் அவளையே நாடினால் ஒருவரை ஒருவர் தடுத்து எல்லோரும் தோற்போம். ஆகவே யாரும் அவளை நாடாமல் தோழியரிடம் செல்வோம் என்று நாஷ் பாத்திரம் சொல்கிறது. அந்த நொடியில் கோட்பாடு பிறந்ததாகக் காட்டுகிறார்கள். ஆனால் மற்ற நண்பர்கள் தோழியரிடம் சென்றுவிட்டார்கள் என்று தெரிந்தபின், எஞ்சிய ஒருவன் என்ன செய்வான்? நேரே அந்தப் பெண்ணிடம் போவான்! தடுக்க யாரும் இல்லையே. எனவே படம் காட்டும் ஏற்பாடு நாஷ் சமநிலை ஆகாது. ஒருவர் மட்டும் அவளை நாட, மற்றவர்கள் தோழியரிடம் செல்வதே அந்த ஆட்டத்தின் ஒரு சமநிலை. அதில் யார் அந்த ஒருவர் என்பதைக் கோட்பாடு சொல்லாது. இந்த மௌனத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பேரத்தைப் பற்றிப் பேசுவது எளிதாகும்.

பொம்மையும் சாட்டையும்

நாஷ் 'எக்கனாமெட்ரிகா' இதழில் பேரத்தைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றபோது கேட்ட பன்னாட்டுப் பொருளாதார வகுப்பு ஒன்றிலிருந்து அக்கருத்து முளைத்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

அவர் கையாண்ட வழி கணிதவியலாருக்கே உரியது. பேசுபவர்கள் என்னென்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை. ஒரு நல்ல முடிவு எந்த நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்று நான்கை எழுதினார். கைக்கெட்டும் ஆதாயம் எதுவும் வீணாகக் கூடாது; இருவர் நிலையும் ஒத்திருந்தால் பங்கும் ஒத்திருக்க வேண்டும்; பயன்பாட்டை எந்த அலகில் அளந்தாலும் முடிவு மாறக் கூடாது; தேர்ந்தெடுக்கப்படாத வாய்ப்புகளை நீக்கிவிட்டால் முடிவு மாறக் கூடாது. இந்த நான்கையும் நிறைவேற்றும் முடிவு ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றும், இருவரும் அடையும் கூடுதல் பயன்பாடுகளின் பெருக்கற்பலன் எங்கே மிகப் பெரிதாக இருக்கிறதோ அதுவே அந்த முடிவு என்றும் நிறுவினார். சில பக்கங்களில் முடிந்துவிடும் இந்த நிறுவலின் அழகை யாரும் மறுக்க முடியாது.

கட்டுரையின் இறுதியில் அவர் தந்துள்ள எடுத்துக்காட்டு சுவையானது. பில் என்பவனிடம் புத்தகம், சாட்டை, பந்து, மட்டை, பெட்டி ஆகியவை உள்ளன. ஜாக்கிடம் பேனா, பொம்மை, கத்தி, தொப்பி. பண்டமாற்றின் முடிவில் பில் பெட்டி ஒழிய மற்ற நான்கையும் கொடுத்து, தொப்பி ஒழிய மற்ற மூன்றையும் பெற்றுக்கொள்கிறான். இரு சிறுவர்களின் பேரம் போன்ற இந்த உதாரணத்தில் ஒரு செய்தி மறைந்திருக்கிறது: பேரம் முறிந்தாலும் இருவருக்கும் கேடில்லை. அவரவர் பொம்மை அவரவரிடம் இருக்கும். இரவுச் சாப்பாடு வீட்டில் காத்திருக்கும்.

இனி நாஷின் விதியை நம் நூறு ரூபாய்க்குப் பொருத்திப் பார்ப்போம். முதலாமவர் வசதியுள்ளவர். அவருக்கு ஒவ்வொரு ரூபாயும் ஒரே மதிப்புடையது. இரண்டாமவர் இல்லாதவர். முதலில் வரும் ரூபாய்கள் அவருக்கு உயிர். பின்னால் வருபவை அவ்வளவு இல்லை. நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் 100 ரூபாய், பூ விழுந்தால் ஒன்றும் இல்லை என்றால், அந்தச் சூதைவிடக் கையில் உறுதியாக வரும் 25 ரூபாயே போதும் என்று எண்ணும் நிலை அவருடையது. இவருடைய பயன்பாட்டை ரூபாயின் வர்க்கமூலமாகக் கொள்ளலாம்.

முதலாமவருக்கு 50, இரண்டாமவருக்கு 50 எனில் பெருக்கற்பலன் 50 × 7.07, அதாவது ஏறத்தாழ 354. முதலாமவருக்கு 75, மற்றவருக்கு 25 எனில் 75 × 5 = 375. மிகப் பெரிய மதிப்பு 66 ரூபாய் 67 காசுக்கும் 33 ரூபாய் 33 காசுக்கும் இடையே 385 என்று வருகிறது. ஆக, இல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு! யாருக்குப் பணம் அதிகம் தேவையோ அவருக்கே குறைவு. ஆபத்துக்கு அஞ்சுபவர் நாஷ் தீர்வில் நட்டப்படுவார் என்பதைக் கில்ஸ்ட்ராம், ராத், ஷ்மைட்லர் ஆகியோர் 1981-இல் பொதுவாகவே நிறுவினர்.

இதை நியாயமான தீர்வு என்று பாடநூல்கள் சில எழுதுவது தவறான சொல்லாட்சி. 'நிலை ஒத்திருந்தால் பங்கும் ஒத்திருக்கும்' என்ற நிபந்தனையைக் கண்டு அவை மயங்கிவிட்டன. நிலை ஒவ்வாதபோது என்ன என்பதே உலகில் கேள்வி. நாஷுக்கு இது தெரியாமல் இல்லை. 1953-இல் எழுதிய இரண்டாம் கட்டுரையில், பேரம் முறிந்தால் என்ன செய்வேன் என்ற மிரட்டலையும் ஆட்டத்தின் பகுதியாக்கி, மிரட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கணக்கிட்டார். ஆனால் அந்த மிரட்டலைச் சொன்னபடி நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஒருவரை அவர் கற்பனை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. வெளியே நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு இது பொருந்தாது.

இரண்டு சமன்பாடுகள்

நடுவரை வெளியேற்றியவர் இஸ்ரேலியப் பொருளியல் அறிஞர் ரூபின்ஸ்டீன். அவருடைய 1982-ஆம் ஆண்டுக் கட்டுரையை இந்த நூற்றைம்பது ஆண்டுப் பிரச்சினையில் எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அதன் மையக் கருத்தைப் பத்தாம் வகுப்புக் கணிதம் அறிந்தவர் எவரும் கையால் போட்டுப் பார்க்க முடியும்.

ஆட்டம் இதுதான். முதல் நாள் ஒருவர் ஒரு பங்கீட்டைச் சொல்கிறார். மற்றவர் ஏற்றால் ஆட்டம் முடிந்தது. மறுத்தால் மறுநாள் மறுத்தவர் தம் பங்கீட்டைச் சொல்ல வேண்டும். இப்படி மாறி மாறி எத்தனை நாளும் போகலாம். ஆனால் தாமதம் இருவருக்கும் செலவு. இருவரில் ஒருவரைப் பொறுமைசாலி என்போம். நாளை வரும் 100 ரூபாய் அவருக்கு இன்று 90 ரூபாய்க்குச் சமம். மற்றவர் அவசரக்காரர். இன்று இரவே அரிசி வாங்க வேண்டும். நாளை வரும் 100 ரூபாய் அவருக்கு இன்றைய 50 ரூபாய்தான்.

நாஷ் சமநிலை மட்டும் போதும் என்றால் இந்த ஆட்டத்தில் எந்தப் பங்கீடும் சமநிலையாகிவிடும். '98 ரூபாய் தராவிட்டால் என்றென்றும் ஒப்பமாட்டேன்' என்று ஒருவர் வீம்பு பிடிக்க, மற்றவர் அதை நம்பினால் அதுவும் சமநிலைதான். நாம் எட்ஜ்வொர்த்தின் காலத்துக்கே திரும்பிவிடுவோம். ஆனால் அது வெற்று மிரட்டல். நேரம் வரும்போது 97 ரூபாயை அவர் உண்மையில் உதறமாட்டார். இத்தகைய வெற்று மிரட்டல்களைக் களைய 1965-இல் ஜெர்மனியின் ரைன்ஹார்ட் செல்ட்டன் ஒரு வழி வகுத்திருந்தார்: ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும், அங்கிருந்து மேற்கொண்டு நடப்பதும் சமநிலையாகவே இருக்க வேண்டும். ரூபின்ஸ்டீன் இதைப் பேரத்துக்குப் பொருத்தினார்.

பொறுமைசாலி பேசும் முறை வரும்போது அவர் தமக்கு வைத்துக்கொள்ளும் தொகையைப் 'ப' என்போம். அவசரக்காரர் பேசும்போது தமக்கு வைத்துக்கொள்வதை 'அ' என்போம். பொறுமைசாலி, அவசரக்காரர் மறுக்காத அளவுக்கு மட்டும் கொடுப்பார். மறுத்தால் அவசரக்காரருக்கு நாளை 'அ' கிடைக்கும். அதன் இன்றைய மதிப்பு அதில் பாதி. ஆகவே 100 − ப = 0.5 அ. அவ்வாறே மறுபக்கம் 100 − அ = 0.9 ப. இரண்டையும் தீர்த்தால் ப = 90.91, அ = 18.18.

பொறுமைசாலி முதலில் பேசினால் அவருக்கு ஏறத்தாழ 91 ரூபாய், மற்றவருக்கு 9. அவசரக்காரர் முதலில் பேசினாலும் அவருக்கு 18 ரூபாய்தான். 82 ரூபாய் எதிராளிக்கு. இருவரும் ஒரே அறிவு படைத்தவர்கள், ஒரே அளவு பேச்சுத் திறமை உடையவர்கள், இருவருக்கும் மறுக்கும் உரிமை சமம். ஆயினும் பங்கு பத்துக்கு ஒன்று என்ற அளவில் விலகிவிடுகிறது. இருவருக்கும் ஒரே பொறுமை, அதாவது 0.9 எனில், முதலில் பேசுபவருக்கு 52.63, மற்றவருக்கு 47.37. பொறுமை 0.99 ஆனால் 50.25-க்கும் 49.75-க்கும் வந்து நிற்கும். சரிபாதி என்பது இங்கே யாரும் விரும்பிக் கடைப்பிடித்த அறம் இல்லை. இருவரும் ஒரே அளவு காத்திருக்க முடிந்ததன் விளைவு.

சாமர்த்தியம் என்று ஒதுக்கிவைத்ததை அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றியது எவ்வளவு பெரிய காரியம்! பேரம் பேசும் கலை என்று விமான நிலையப் புத்தகக் கடைகளில் விற்கும் நூல்கள் கண்ணைப் பார்த்துப் பேசு, முதலில் பெரிய தொகையைச் சொல் என்று உபதேசிக்கின்றன. வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி என்பதை இந்த இரண்டு சமன்பாடுகள் காட்டிவிடுகின்றன. 1986-இல் பின்மோர், ரூபின்ஸ்டீன், உலின்ஸ்கி ஆகிய மூவர், பேச்சுகளுக்கு இடையிலான காலத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் இந்த ஆட்டத்தின் முடிவு நாஷின் பெருக்கற்பலன் விதியில் போய்ச் சேரும் என்று காட்டி, இரு தூண்களையும் இணைத்தனர்.

முதல் நாளிலேயே முடியும் பேரம்

இவ்வளவு புகழ்ந்தபின் குறைக்கு வருவோம். மேற்கண்ட கணக்கில் ஒரு விந்தை இருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். பேரம் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது! இருவரும் ஒருவர் பொறுமையை மற்றவர் துல்லியமாக அறிந்திருப்பதால், மறுத்து என்ன பெறலாம் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே யாரும் மறுப்பதில்லை. காத்திருக்கும் வலிமை முடிவைத் தீர்மானிக்கிறது. ஆனால் உண்மையில் யாரும் காத்திருப்பதில்லை.

அப்படியானால் உலகில் வேலைநிறுத்தம் ஏன் நடக்கிறது? ஹிக்ஸ் 1932-இல் கூலி பற்றி எழுதிய நூலிலிருந்தே பொருளியலாரைத் துன்புறுத்தும் கேள்வி இது. முடிவு முன்கூட்டியே தெரியுமாயின், நட்டப்படாமல் அதே முடிவுக்கு முதலிலேயே உடன்பட்டிருக்கலாமே.

இதைச் சோதிக்கப் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. 1974 தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தால் மின்சாரம் குறைந்து, தொழிற்சாலைகள் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே இயங்கின. அந்த நெருக்கடியில் நடந்த தேர்தலில் ஹீத் அரசு பதவி இழந்தது. அடுத்து எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் அக்கட்சிக்காக நிக்கலஸ் ரிட்லி தயாரித்த அறிக்கை ஒன்று 1978-இல் வெளியே கசிந்தது. மின் நிலையங்களில் நிலக்கரியைக் குவித்துவை, இறக்குமதிக்கு வழி செய், எண்ணெயிலும் எரியும் கொதிகலன்களை அமை, வேலைநிறுத்தக்காரர் குடும்பங்களுக்கு அரசுப் பணம் போவதை நிறுத்து என்று அது கூறியது. ஆட்டக் கோட்பாட்டின் மொழியில் சொன்னால், நம் எண்ணை 0.5-இலிருந்து 0.9-க்கு ஏற்று, எதிராளியின் எண்ணை இறக்கு என்பதே அறிக்கையின் சாரம்.

1981 பிப்ரவரியில் சுரங்கங்கள் சிலவற்றை மூடும் திட்டம் வந்ததும் தொழிலாளர் வேலையை விட்டு எழுந்தனர். போதிய நிலக்கரி இருப்பு இல்லாத தாட்சர் அரசு சில நாளில் திட்டத்தைக் கைவிட்டது. 1984 மார்ச்சில் மீண்டும் மூடல் அறிவிப்பு வந்தபோது மின் நிலையங்களின் முற்றங்களில் நிலக்கரி மலையாகக் குவிந்திருந்தது. வேலைநிறுத்தம் செய்வோரின் குடும்ப உதவித்தொகையிலிருந்து, சங்கம் படி கொடுப்பதாகக் கற்பித்துக்கொண்டு, அது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், ஒரு தொகையைக் கழிக்கும் சட்டமும் 1980-லேயே வந்துவிட்டது. நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கத்தார் பலர் வேலையைத் தொடர்ந்தனர். போராட்டம் ஓராண்டு நீடித்தது. 1985 மார்ச் 3-ஆம் நாள் சங்கப் பேராளர்கள் 98-க்கு 91 என்ற வாக்கில், எந்த உடன்பாடும் இன்றி வேலைக்குத் திரும்ப முடிவு செய்தனர்.

முடிவின் திசையை ரூபின்ஸ்டீன் மாதிரி சரியாகவே காட்டுகிறது. ஒரே அரசு, ஒரே சங்கம். 1981-இல் ஒரு விளைவு, 1985-இல் நேர்மாறான விளைவு. இடையில் மாறியது பெரும்பாலும் காத்திருக்கும் வலிமையே. ஆனால் நடுவிலுள்ள அந்த ஓராண்டுக்கு மாதிரியில் இடமே இல்லை. சுரங்க ஊர்களின் பெண்கள் கூடிப் பொதுச் சமையற்கூடங்கள் நடத்தினார்கள்; பிற சங்கங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உணவும் பணமும் வந்தன. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவசரக்காரரின் எண் 0.5-இலிருந்து 0.8 ஆனால், பொறுமைசாலி முதலில் பேசும்போதும் அவருக்கு 71.43-தான், மற்றவர் பங்கு 9 ரூபாயிலிருந்து 28 ரூபாய் 57 காசாக உயர்ந்துவிடும். ஒரு சமையற்கூடம் பங்கை மும்மடங்காக்குகிறது. ஆட்டம் தொடங்குமுன் தரப்பட்டுவிட்ட மாறிலி என்று கோட்பாடு எழுதிவைத்த எண்ணை மாற்றுவதுதான், ஓராண்டு முழுதும் இரு தரப்பும் செய்த வேலை. நிலக்கரியைக் குவிப்பதும் கஞ்சித் தொட்டி வைப்பதும் அரசியலுக்குத் தெரிந்த உத்திகள். மாதிரிக்குத் தெரியாத உத்திகள்.

இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. சண்டை கூலியைப் பற்றி இருந்திருந்தால் நூறு ரூபாய் போல் வெட்டிப் பங்கிடலாம். ஒரு சுரங்கத்தைப் பாதி மூடிப் பாதி திறந்துவைக்க முடியாது. அது போனால் அதை நம்பிய ஊரும் போகும்.

மறைந்திருக்கும் எண்

கோட்பாட்டாளர்கள் சும்மா இருக்கவில்லை. எதிராளியின் பொறுமை எவ்வளவு என்று தெரியாதபோது, காத்திருந்து காட்டுவதே அதைத் தெரிவிக்கும் வழி என்றார்கள். 'என்னிடம் பதினெட்டு மாத நிலக்கரி இருக்கிறது' என்று யாரும் சொல்லிவிடலாம்; ஆறு மாதம் விளக்கு அணையாமல் இருந்தால்தான் நம்பலாம். அறிவு நிறைவற்ற ஆட்டங்களைக் கையாள ஹார்சானி 1967-68-இல் வகுத்த முறை இதற்கு உதவியது. அவரும் நாஷும் செல்ட்டனும் 1994-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் இந்த மருந்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அறியாமையை உள்ளே விட்டதும், ரூபின்ஸ்டீன் வெளியேற்றிய பல சமநிலைகள் மீண்டும் உள்ளே நுழைந்துவிட்டன. எதிர்பாராத ஒரு பேச்சைக் கேட்டதும் எதிராளி என்ன நினைத்துக்கொள்வார் என்பதை ஆய்வாளர் எப்படி அமைக்கிறாரோ, அப்படி விடை வருகிறது. ஓராண்டு வேலைநிறுத்தத்தையும் ஒரு நாள் உடன்பாட்டையும் ஒரே மாதிரியால் விளக்கிவிட முடிந்தால், அம்மாதிரி எதையும் விளக்கவில்லை என்று கருத வேண்டியதே.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே உறுதியாக நிற்பது மையர்சன், சாட்டர்த்வெயிட் இருவரும் 1983-இல் நிறுவிய தேற்றம். விற்பவர் மனத்திலுள்ள விலையும் வாங்குபவர் மனத்திலுள்ள விலையும் அவரவருக்கே தெரிந்த இரகசியம். வியாபாரம் இருவருக்கும் இலாபமா என்பதும் முன்கூட்டி உறுதியில்லை. இந்நிலையில், வெளியிலிருந்து யாரும் பணம் போடாமல், யாரையும் கட்டாயப்படுத்தாமல், இலாபமுள்ள ஒவ்வொரு வியாபாரமும் தவறாமல் நடந்தேறும்படி எந்த ஏற்பாட்டையும் வகுக்கவே முடியாது. எவ்வளவு நல்ல நடுவரை வைத்தாலும், சில நல்ல பேரங்கள் முறிந்தே தீரும். பேரம் முறிவதெல்லாம் முட்டாள்தனத்தாலோ பிடிவாதத்தாலோ என்று எண்ணுவோருக்கு இது தக்க பதில்.

மறுத்துவிட்டவர்கள்

இகழ்வோரின் வாதத்தையும் பார்த்துவிடுவோம். ரூபின்ஸ்டீன் கட்டுரை வெளியான அதே 1982-இல் ஜெர்மனியில் க்யூத், ஷ்மிட்பெர்கர், ஷ்வார்ட்சே மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒருவர் ஒரே முறை பங்கீட்டைச் சொல்வார். மற்றவர் ஏற்றால் அப்படியே, மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. மறுபேச்சுக்கு இடமில்லை. கணக்குப்படி ஒரு காசு கொடுத்தாலும் ஏற்க வேண்டும். ஆனால் பின்னர் பல நாடுகளில் மாணவரிடையே நடந்த இச்சோதனைகளில் பெரும்பாலோர் 40 முதல் 50 விழுக்காடு வரை கொடுக்க முன்வந்தனர். 20 விழுக்காட்டுக்குக் குறைவான பங்குகளை ஏறத்தாழ பாதிப் பேர் உதறினர். கோட்பாடு பொய்த்தது என்று உடனே முரசறைந்தார்கள்.

அவ்வளவு விரைந்து தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. மனிதர் எல்லோரும் சமத்துவத்தை விரும்புபவர்கள் என்ற எதிர்முடிவும் நிற்கவில்லை. பெருநாட்டின் மச்சிகெங்கா மக்களிடம் ஹென்ரிக் நடத்திய ஆய்வில் சராசரியாக 26 விழுக்காடே கொடுத்தனர். பெறுபவர்கள் மறுத்தது மிக அரிது. இந்தோனேசியாவில் கூட்டாகத் திமிங்கில வேட்டையாடும் லமலேரா மக்கள் சராசரியாகப் பாதிக்கும் மேலேயே கொடுத்தனர். பாப்புவா நியூகினியின் அவு, நாவு இனத்தாரிடையே பாதிக்கு மேல் கொடுத்தாலும் சிலர் மறுத்துவிட்டனர்! அங்கே பெரிய அன்பளிப்பைப் பெறுவது பின்னாளில் திருப்பித் தர வேண்டிய கடனாகிவிடும்.

நம் வாதத்துக்கு மிக நெருக்கமான சோதனை வடகிழக்கு இந்தியாவில் நடந்தது. ஆண்டர்சென் குழுவினர் அதை 2011-இல் வெளியிட்டனர். கிராமத்தாரிடம் 20 ரூபாய், 200, 2,000, 20,000 என்று நான்கு அளவுகளில் இந்த ஆட்டத்தை ஆடச் செய்தார்கள். 20,000 ரூபாய் அம்மக்களுக்குப் பல மாத உழைப்பின் ஊதியம். தொகை உயர உயர மறுப்பது குறைந்து, மிகப் பெரிய தொகையில் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ஆய்வாளர்கள் இதைப் பணம் பெரிதானால் மனிதர் கோட்பாட்டின்படி நடக்கிறார்கள் என்று வாசித்தனர். ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பணம் மட்டுமே நோக்கமானால் எவ்வளவு சிறு தொகையையும் பெறுபவர் ஏற்பதே முறை என்று ஆட்ட விளக்கத்திலேயே ஆடுவோருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சிறு பங்குகள் முன்வைக்கப்பட்டால்தான் மறுப்பை அளக்க முடியும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். சோதனைக்கு அது தேவைதான். ஆயினும் இதன் முடிவை எடுத்துக் காட்டுவோர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இதே புள்ளிகளை வேறு வகையாகவும் வாசிக்கலாம். 20 ரூபாயில் இரண்டை உதற எவருக்கும் வலிமை உண்டு. 20,000 ரூபாயில் இரண்டாயிரத்தை உதற, அந்த இரண்டாயிரம் இல்லாமலும் வீடு நடக்க வேண்டும். மறுக்கும் உரிமை இருவருக்கும் சமமாக எழுதப்பட்டிருந்தாலும், மறுப்பின் செலவு சமமாக இல்லை. ரூபின்ஸ்டீனின் அவசரக்காரர் இங்கே வேறு உடையில் நிற்கிறார்.

ரூபின்ஸ்டீன் தம் மாதிரிகளைப் பற்றித் தாமே மிகவும் அடக்கமாகப் பேசுபவர். 2012-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில், பொருளியல் மாதிரிகளைக் கட்டுக்கதைகள் என்றே அழைக்கிறார். அவற்றைக் கொண்டு நடைமுறை ஆலோசனை சொல்ல முடியும் என்று அவர் நம்பவில்லை. அந்த அடக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் இந்தக் கதையில் 0.5, 0.9 என்ற இரு எண்கள் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் நிலக்கரிக் குவியலும், கழிக்கப்பட்ட உதவித்தொகையும், சமையற்கூடமும் விடையாக வருகின்றன. அவை கட்டுக்கதை ஆகா. பாடநூல்களோ முதல் நாளிலேயே உடன்பாடு என்ற தேற்றத்தை ஓர் அத்தியாயத்தில் சொல்லி முடித்துவிட்டு, மையர்சன்–சாட்டர்த்வெயிட் தேற்றத்தை வெகுதூரம் தள்ளி, ஏலங்களைப் பற்றிய அத்தியாயத்தில் வைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சிட்டு, அந்த இரு எண்களையும் ஆடுவோரே மாற்றக்கூடிய ஆட்டம் ஒன்றைப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்தால் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.